ஐரோப்பிய மலிவு விடுதிகள்: கட்டிலும் அறையும் கடந்து வந்த வழி

ஐரோப்பாவில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் விடுதி அறை முதன்முறை செல்பவருக்குச் சில வியப்புகளைத் தரும். இரட்டைக் கட்டில் என்று பதிவு செய்திருந்தாலும் இரண்டு ஒற்றை மெத்தைகள் அருகருகே ஒட்டிக் கிடக்கலாம். அறைக்குள் கைகழுவும் தொட்டி இருக்கும். கழிவறை நடைவழியின் கோடியில் இருக்கும். மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடிவரை பெட்டியைச் சுமக்க நேரலாம். இவற்றை விடுதிக்காரரின் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் இவை பழைய வழக்கங்களின் எச்சங்கள். பயணிக்கு விடுதி விற்ற பொருளே காலந்தோறும் மாறி வந்துள்ளது: முதலில் கட்டிலில் ஓர் இடம், பிறகு தனிக் கட்டில், அதன்பின் பூட்டக்கூடிய அறை, கடைசியில்தான் குளியலறை.

கட்டிலில் ஓர் இடம்

இடைக்கால ஐரோப்பியச் சத்திரங்களில் முன்பின் அறியாதவர்கள் ஒரே கட்டிலில் படுப்பது இயல்பான செயல். வசதி படைத்தவர்களே தனிக் கட்டிலுக்குப் பணம் கொடுத்தனர். டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1523இல் வெளியிட்ட உரையாடல் ஒன்றில் பிரான்சின் லியோன் நகரச் சத்திரங்களையும் ஜெர்மன் சத்திரங்களையும் ஒப்பிட்டுக் கேலி செய்கிறார். லியோனில் உபசரிப்பு மிகுதி. ஜெர்மனியிலோ கணப்பு மூட்டிய ஒரே கூடத்தில் எல்லாப் பயணிகளும் அடைந்து கிடப்பார்கள். படுக்கை விரிப்பு ஆறு மாதங்களுக்கு முன்பு வெளுத்ததாக இருக்கும். அங்கதத்துக்காக அவர் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். ஆனால் விரிப்பின் தூய்மை பற்றிய பயணியின் கவலை ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையது என்பதில் ஐயமில்லை.

பகிர்ந்து படுக்கும் வழக்கத்தின் புகழ்பெற்ற சின்னம், இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷயர் பகுதியிலுள்ள வேர் என்ற ஊரின் பெருங்கட்டில். லண்டனிலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்த அவ்வூரில் சத்திரங்கள் பல. ஏறக்குறைய 1590இல், சத்திரம் ஒன்றுக்குக் கூட்டம் சேர்க்கும் விளம்பரமாகவே இக்கட்டில் செய்யப்பட்டிருக்கக்கூடும் என்பர். இதன் அகலம் 3 மீட்டருக்கும் மேல். நான்கு தம்பதியர் படுக்கலாம் என்பது பேச்சு. ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றிலேயே இது இடம்பெறும் அளவுக்குப் பெயர்பெற்றிருந்தது. படுத்தவர்கள் மரத்தில் செதுக்கிச் சென்ற பெயரெழுத்துகளை இன்றும் காணலாம். 1931 முதல் இக்கட்டில் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நாட்டுக்கு ஒரு படுக்கை

1580–81இல் ஜெர்மன் நாடுகள் வழியாக இத்தாலி சென்ற பிரெஞ்சு எழுத்தாளர் மோன்தேய்ன், படுக்கைகளை ஊன்றிக் கவனித்தவர். ஜெர்மானியருக்கு இறகு அடைத்த படுக்கை வேண்டும், பிரெஞ்சுக்காரருக்குக் கட்டிலைச் சுற்றித் திரை வேண்டும். மாற்றிப் படுக்க வைத்தால் இருவருமே நோயாளி ஆவார்கள் என்பது அவர் கணிப்பு. அந்த வேறுபாடுகளின் சாயல் இன்னும் மறையவில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இருவர் படுக்கும் கட்டிலில் இரண்டு மெத்தைகளும் ஆளுக்கொரு இறகுப் போர்வையும் இருப்பது வழக்கம். மெத்தைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்துக்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் வேடிக்கைப் பெயர் ‘விருந்தாளியின் இடுக்கு’. 80 சென்டிமீட்டர் சதுரத் தலையணை அங்குப் பழக்கமானது. பிரான்சில் நீண்ட உருளைத் தலையணை இருந்து வந்தது. அங்கே இருவருக்கான மெத்தையின் வழக்கமான அகலம் 140 சென்டிமீட்டர்தான். தோளோடு தோள் உரசத்தான் செய்யும்.

ஆங்கிலேயர் படுக்கை வேறு வகை. விரிப்பும் கம்பளிகளும் அடுக்கடுக்காகப் போடப்பட்டு, மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டிருக்கும். அதன் நுட்பம் தெரியாமல் ஒரு தமிழர் பட்ட பாடு வரலாற்றில் பதிவாகியுள்ளது. 1914இல் கேம்பிரிட்ஜ் வந்த கணிதமேதை இராமானுஜன், குளிர் தாங்காமல் மேலங்கியும் சால்வையும் போர்த்திக்கொண்டே இரவில் தூங்குவதாக நண்பர் மகலனோபிசிடம் சொன்னார். மகலனோபிஸ் படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கம்பளிகள் குறைவில்லாமல் இருந்தன. இராமானுஜன் அவற்றின் மீது படுத்திருந்தார். விலக்கி உள்ளே புகவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அது விடுதி அன்று, கல்லூரி அறை. ஆயினும் அன்றைய ஆங்கில விடுதிகளின் படுக்கையும் இவ்வகைதான். ஒற்றை இறகுப் போர்வை பிரிட்டனில் பரவியது 1960களுக்குப் பிறகு. 1964இல் டெரன்ஸ் கான்ரன் லண்டனில் தொடங்கிய ஹாபிடாட் கடை அதில் பெரும்பங்கு வகித்தது.

ஆறு பென்னிக்கு ஒரு கதவு

தொழிற்புரட்சிக் கால நகரங்களில் வேலை தேடி வந்தவர்கள் இரவுக் கூலிக்குப் படுக்கை தரும் வீடுகளில் நெருக்கியடித்துத் தங்கினர். நோய் பரவிற்று. பிரிட்டனில் 1851ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வீடுகளைப் பதிவுக்கும் ஆய்வுக்கும் உட்படுத்தியது. கட்டிலுக்கும் வழியில்லாதவர்கள் நீள்பலகையில் வரிசையாக அமர்ந்து, முன்னால் கட்டிய கயிற்றில் சாய்ந்து தூங்கும் இடங்களும் இருந்தன. விடிந்ததும் கயிறு அவிழ்க்கப்படும்.

இந்நிலையில் ரௌட்டன் பிரபு செய்தது பெரிய மாற்றம். பிரதமர் டிஸ்ரேலியின் செயலாளராக இருந்த இவர், தம் சொந்தப் பணத்தில் லண்டன் வாக்சால் பகுதியில் 1892 டிசம்பர் கடைசியில் ஒரு தங்குமிடம் திறந்தார். ஓர் இரவுக்கு ஆறு பென்னி. அதற்குக் கிடைத்தது கூடத்தில் ஒரு மூலையன்று. தடுப்புச் சுவரும் கதவும் கொண்ட சிற்றறை. குளியல் வசதியும் வாசிப்பறையும் இருந்தன. பகலில் சிற்றறைக்குள் செல்ல முடியாது, விதிகள் கடுமை. ஆயினும் ஏழைத் தொழிலாளி ஒருவர் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே படுக்க முடிந்தது. அந்த விலைக்கு அது புதிது. லண்டன் தங்குமிடங்கள் பலவற்றில் படுத்துப் பார்த்த ஜார்ஜ் ஆர்வெல், 1933இல் வெளிவந்த தம் நூலில் ரௌட்டன் இல்லங்களையே முதலிடத்தில் வைக்கிறார். அதற்குள் கட்டணம் ஒரு ஷில்லிங் ஆகியிருந்தது.

சுவரும் தண்ணீரும்

காசநோய் அச்சம் அறையின் தோற்றத்தையே மாற்றியது. பட்டுத் திரை, கம்பளம், சுவர்த்துணி ஆகியவை தூசியின் இருப்பிடங்கள் என்று கருதப்பட்டன. 1890இல் நிறுவப்பட்ட பிரெஞ்சுப் பயணக் கழகம், 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் சுகாதார விடுதி அறை ஒன்றின் மாதிரியைக் காட்சிக்கு வைத்தது. வெளிர் நிறச் சுவர், துடைக்க எளிதான தரை, திரையில்லாத கட்டில் என்பவை அதன் இயல்புகள். இன்றைய மலிவு அறையின் வெறுமை ஒரு காலத்தில் முன்னேற்றத்தின் அடையாளம்.

குழாய்த் தண்ணீர் அறைக்குள் வந்தபோது முதலில் கிடைத்தது கைகழுவும் தொட்டி. எல்லா அறைகளிலும் வெந்நீரும் தண்ணீரும் உண்டு என்பது அந்நாளில் விளம்பரத்துக்குரிய செய்தி. குளியல் நடைவழியில், தனிக் கட்டணத்தில். வீடாகக் கட்டப்பட்டுப் பின்னர் விடுதியான பழைய கட்டடங்களில் ஒவ்வோர் அறைக்கும் கழிவுநீர்க் குழாய் இழுப்பது பெருஞ்செலவு. ஆகவே அறையின் மூலையில் அலமாரி போன்ற குளியல் பெட்டி முளைத்தது. மின்தூக்கியும் வந்தால் படிக்கட்டின் நடுவெளியில் ஒருவரும் ஒரு பெட்டியும் நிற்கும் அளவுக்கே வந்தது. 1957இல் வெளியான ‘ஒரு நாளுக்கு 5 டாலரில் ஐரோப்பா’ நூலின் ஆசிரியர் ஆர்தர் ஃப்ரோமர், தனிக் குளியலறையைக் கேட்காதீர்கள் என்றே பயணிகளுக்கு அறிவுறுத்தினார். கேட்டால் பணக்கார விடுதிக்குத்தான் போகவேண்டும்.

தொழிற்சாலையில் செய்த அறை

1980களின் நடுவில் பிரான்சின் அக்கோர் நிறுவனம் தொடங்கிய ‘ஃபார்முல் 1’ விடுதிகள் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அறைகள் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, நெடுஞ்சாலை ஓரங்களில் அடுக்கப்பட்டன. இருவருக்கான கட்டில், அதற்கு மேலே குறுக்காக ஓர் அடுக்குக் கட்டில், மூலையில் கைகழுவும் தொட்டி. கழிவறையும் குளியலும் பொது. தம்மைத் தாமே கழுவிக்கொள்ளும் இயந்திரம் பொருத்தியவை. இரவில் வரவேற்க ஆளில்லை. கடன் அட்டையைச் செருகினால் கதவு எண் வரும். இருபதாண்டு கழித்து, 2005இல் லண்டனில் தொடங்கிய ஈசிஹோட்டல், சன்னல் இல்லாத அறைகளையும் விற்றது. தொலைக்காட்சிக்குத் தனிக் காசு. பத்தொன்பதாம் நூற்றாண்டு விடுதிகள் மெழுகுவர்த்திக்குத் தனிக் கணக்கு எழுதியதை இது நினைவூட்டுகிறது.

கட்டிலை மட்டும் விற்கும் முறையும் அழியவில்லை. ஜெர்மன் பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் 1909இல் மாணவர்களுடன் நடைப்பயணம் போனபோது புயல்மழையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார். அங்கே பிறந்த எண்ணம், முதல் உலகப் போருக்கு முன்பே ஆல்டெனா கோட்டையில் இளைஞர் விடுதியாக வடிவம் பெற்றது. அதன் மூன்றடுக்கு மரக்கட்டில்கள் இன்று அங்கே அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படுகின்றன. ஐரோப்பிய நகரங்களில் ஆறு பேர், எட்டுப் பேர் படுக்கும் அறைகளில் இன்றும் கட்டில் கணக்கில்தான் வாடகை. படுக்கை விரிப்புக்கும் துவாலைக்கும் சில இடங்களில் தனிக் கட்டணம்; பூட்டு நாமே கொண்டுபோக வேண்டும்.