டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு விளக்கு

அந்துப்பூச்சி என்றாலே நம்மில் பலருக்கு உடுப்பில் விழும் ஓட்டைதான் ஞாபகம் வரும். இந்த முறை நான் எழுதப்போவது, அந்தப் பூச்சிகளை வருடக்கணக்காக எண்ணிய ஒரு டாக்டரைப் பற்றி.

அவர் பெயர் சிறில் கிளார்க். லிவர்பூலில் மருத்துவராக இருந்தவர். அந்த நகரத்துக்குப் பக்கத்தில், விர்ரல் தீபகற்பத்தில் உள்ள கால்டி என்ற ஊரில் அவர் வீடு. 1959இல் தன் தோட்டத்தில் ஒரு விளக்குப் பொறியை வைத்தார். அது மிகவும் எளிமையான ஒன்று. ஒரு பெட்டி, மேலே ஒரு புனல், அதற்கு மேல் பளிச்சென்று எரியும் பாதரச விளக்கு. இரவில் வெளிச்சத்தைத் தேடி வரும் பூச்சிகள் புனல் வழியாக உள்ளே விழும். காலையில் எடுத்து எண்ண வேண்டியதுதான்.

அவர் முக்கியமாக எண்ணியது 'பெப்பர்ட் மாத்' என்ற பூச்சியை. வெள்ளை இறக்கையில் மிளகுத்தூள் தூவியது போல இருக்கும். இதே இனத்தில் முழுக் கறுப்பான பூச்சிகளும் உண்டு. மான்செஸ்டரில் 1848இல் கறுப்புப் பூச்சி பதிவானது. 1895இல் அங்கே 100இல் 98 கறுப்பு! தொழிற்சாலைப் புகை மரங்களைக் கருக்கியதால், வெள்ளைப் பூச்சிகள் பறவைகளின் கண்ணில் சுலபமாகப் பட்டன. கறுப்பு தப்பித்துப் பெருகியது.

1952இல் லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் பிறகு, 1956இல், காற்றைச் சுத்தமாக்கும் சட்டம் வந்தது. காற்று மாறினால் பூச்சியும் மாறுமா? கிளார்க்கின் பொறி அதற்குப் பதில் சொன்னது, ஆனால் மெதுவாக.

1959இல் அவருக்குக் கிடைத்தவற்றில் 100இல் 90க்கும் மேல் கறுப்பு. பத்து வருடம் எண்ணியும் பெரிய மாற்றம் இல்லை. நானாக இருந்தால் அலுத்துப்போய் விட்டிருப்பேன். அவர் விடவில்லை. 1984இல் அது சுமார் 60 ஆனது. 1989இல் சுமார் 30. ஒரு உயிரினம் மாறுவதை ஒரே தோட்டத்தில் இருந்து, ஒரு மனித வாழ்நாளுக்குள் பார்க்க முடிந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. பட்டாம்பூச்சிகளை வளர்த்து, இறக்கை நிறம் எப்படி வழிவழியாக வருகிறது என்று ஆராய்ந்தவர் கிளார்க். அந்த ஆர்வம்தான் அவரை மனித இரத்த வகைகளிடம் கொண்டுபோனது. ஆர்.எச். நெகட்டிவ் தாய்மாரின் பிள்ளைகளைக் காப்பாற்றும் ஆன்டி-டி ஊசியை 1960களில் உருவாக்கியவர்களில் அவருடைய லிவர்பூல் குழுவும் ஒன்று. அதே காலத்தில் நியூயார்க்கிலும் ஒரு குழு அதைக் கண்டது. உங்கள் அம்மாவோ சித்தியோ அந்த ஊசியைப் போட்டிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

இன்றும் எண்ணிக்கை தேவைப்படுகிறது. ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையம் 1968இல் இருந்து பிரிட்டன் முழுவதும் விளக்குப் பொறிகளை வைத்துப் பதிவு செய்கிறது. பெரும்பாலும் தொண்டர்கள்தான் அவற்றைக் கவனிக்கிறார்கள். அந்தப் பதிவுகளின்படி, 1968க்கும் 2017க்கும் இடையில் பெரிய அந்துப்பூச்சிகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அவற்றின் புழுக்களை நம்பித்தான் பல குருவிகள் குஞ்சு வளர்க்கின்றன. யாரும் எழுதி வைக்காமல் இருந்திருந்தால், அவை குறைவதே நமக்குத் தெரிந்திருக்காது.

உங்களுக்குத் தோட்டம் இருந்தால் நீங்களும் தொடங்கலாம். பால்கனி விளக்கும் வெள்ளைத் துணியும்கூடப் போதும். தேதி, இடம், வானிலை, எத்தனை பூச்சி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். படம் எடுத்துவிட்டு, பூச்சியைப் பறவைக்கு எட்டாத செடிக்குள் விட்டுவிடுங்கள். ஒன்றும் வராத இரவில் 'பூஜ்யம்' என்று எழுத மறக்காதீர்கள். அதுவும் ஒரு பதிவுதான்.