கல்லெழுத்தும் மின்னெழுத்தும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெல்லாவெளி என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பாறைகளிலே பண்டைய பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்து அழியவில்லை, ஆயினும் அவ்வழியே செல்லும் உழவர் அதனைப் படித்தறிதல் இயலாது. எவ்வடிவம் எவ்வொலியைக் குறிக்கும் என்னும் அறிவு இடையிலே மறைந்துபோயிற்று. 1837ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் என்னும் ஆங்கிலேயர் அதனை மீட்டுத் தந்தார்.

கல்லெழுத்துக்கு நூற்றாண்டுகள் பல கழிந்தபின் நேர்ந்த இவ்விடர், கணினியேறிய தமிழுக்கு ஒரு தலைமுறைக்குள்ளேயே நேர்ந்தது.

மின்னஞ்சலில் வெறும் உரையாக அனுப்பப்படும் மடலில் எழுத்தின் வடிவம் செல்வதில்லை. எழுத்துக்குரிய எண்ணே செல்கின்றது. பெறுவோரின் கணினி தன்னிடமுள்ள எழுத்துருவிலிருந்து அவ்வெண்ணுக்குரிய வடிவத்தை எடுத்துக் காட்டும். ஆகவே, ஒரே மடல் ஓரிடத்தில் மெலிந்தும் மற்றோரிடத்தில் தடித்தும் தோன்றலாம். ஆடை வேறாயினும் ஆள் ஒருவரே.

ஆனால், 1990களில் தமிழுக்கு எண்களிலேயே ஒற்றுமை இருக்கவில்லை. மயிலை ஒரு முறையையும், ஈழத்தமிழரிடையே பெருவழக்குற்ற பாமினி வேறொரு முறையையும் கொண்டிருந்தன. ஆங்கில ‘எம்’ எழுத்தின் இடத்தில் பாமினி அகரத்தை அமர்த்தியது. ‘கே’ இருந்த இடத்தில் மகரத்தையும், ‘எச்’ இருந்த இடத்தில் துணைக்காலையும், அரைப்புள்ளி இருந்த இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியையும் வைத்தது. இதனால் ‘அம்மா’ என்று தொடங்கிய மடல், பாமினி இல்லாத கணினியில் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்னும் பொருளற்ற கோவையாயிற்று. போரினால் உறவுகள் கடல்கடந்து சிதறிய காலத்தில் இக்குழப்பம் சிறியதன்று.

இதனைத் தீர்க்கத் தமிழர் பலர் முயன்றனர். இணையவழிக் கூடிய ஆர்வலர்கள் திஸ்கி முறையை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாக டாப், டாம் என்னும் இரு முறைகள் பிறந்தன. எனினும், உலகமொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையே இறுதியில் நிலைபெற்றது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமுண்டு. அதில் அகரத்தின் எண் 2949. எந்த எழுத்துருவை அணிந்தாலும் அவ்வெண் மாறாது.

எனினும், பாமினியில் எழுதப்பட்ட பழைய மடல்களும் மலர்களும் இன்னும் பல வட்டுகளில் உறங்குகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இன்று உள்ளன. திறவுகோல் கையிலிருக்கும்போதே அவற்றை மாற்றி வைத்தல் வேண்டும். எல்லா எழுத்துக்கும் ஒரு பிரின்செப் வாய்ப்பதில்லை.