உள்ளுறை வெப்பம்

உள்ளுறை வெப்பம் (பெ.): ஒரு பொருள் உருகும்போதும் ஆவியாகும்போதும், வெப்பநிலையை உயர்த்தாமல் நிலைமாற்றத்துக்கே செலவாகும் வெப்பம்.

உள் + உறை. 'உறை' என்றால் தங்கு, வாழ். தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை உவமத்தில் கருத்து உள்ளே தங்குகிறது. இங்கே வெப்பம் தங்குகிறது. 1760களில் கிளாஸ்கோவில் இதை ஆராய்ந்த ஜோசப் பிளாக், 'மறைந்திருத்தல்' என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பெயரிட்டார். இலங்கைப் பாடநூல்கள் 'மறை வெப்பம்' என்கின்றன.

மைசூரு மண்டி மொஹல்லாவில் ஒரு டீக்கடை அடுப்பை எடுத்துக்கொள்வோம். ஊர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் இருப்பதால், தண்ணீர் 97 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடுகிறது. பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் வெப்பமானி ஏறாது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் போதும். ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்கவோ சுமார் 2,260 ஜூல் வேண்டும். ஆவி தோலில் பட்டு நீராகும்போது அந்த வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. கொதிநீரைவிட நீராவி கடுமையாகச் சுடுவது அதனால்தான்.

ஆகவே, உலை கொதித்ததும் தீயைக் குறையுங்கள். கூடுதல் தீ சோற்றை விரைவாக வேகவைக்காது, நீரைத்தான் வற்றவைக்கும்.