யாழ்ப்பாணக் கடலும் சீன வணிகரும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பிறப்பித்த ஆணையொன்றைக் கூறுகின்றது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும். அவர்க்குக் காவல் அளிக்கப்படல் வேண்டும். யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்கூறு பண்டாரத்துக்கும் முக்காற்கூறு உடையவனுக்கும் உரியன. பிற சரக்கேற்றிய கலமாயின் செம்பாதி. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. அந்நிய வணிகனுக்குரியது எது, அரசுக்குரியது எது என்பது யாவரும் அறியக் கல்லிற் பொறிக்கப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது.

அப்பரதேசிகளுட் சீனரும் இருந்தனரா? அதே வேலணைத் தீவின் கிழக்கு முனையிலுள்ள அல்லைப்பிட்டியில், 1970களின் பிற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் ஆராய்ந்த மட்பாண்ட ஓடுகள் வட சுங் காலத்தனவென இனங்காணப்பட்டன. 2018 இல் சங்காய் அருங்காட்சியகக் குழுவினரும் அங்கு அகழ்வு நடத்தினர். ஆயினும் பாண்டம் வந்தமை கொண்டே அதனைச் செய்த நாட்டவரும் வந்தனர் எனத் துணிதல் பொருந்தாது. தமிழ் வணிகரும் அராபியரும் அதே கடல்வழியில் இயங்கினர். சீனத்துச் சுவான்சௌ நகரில் 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டு, செங் ஹோவின் கடற்படையோடு தொடர்புற்றது. சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் அதில் இடம்பெற்றமை, இக்கடல் வாணிகத்தில் தமிழ் பெற்றிருந்த தகுதியைக் காட்டும்.

இருபதாம் நூற்றாண்டில் வந்த சீனரோ வேறு வகையினர். சாந்துங், ஹூபே மாகாணங்களிலிருந்து புறப்பட்டு இலங்கையை அடைந்த அவர்கள், துணிமூட்டையைச் சுமந்தும் துவிச்சக்கர வண்டியில் ஏற்றியும் ஊரூராக விற்றனர். சிலர் பல் வைத்தியராயினர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் இவர்களுட் பலர் நாடற்றவராய் எஞ்சினர். மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி எழுதியோர் பலர்; இச்சிறு கூட்டத்தாரை நினைந்தோர் மிகச் சிலரே. அவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது 2008 இலேதான்.

அண்மைக்கால வருகையின் மையம் கடலட்டை. யாழ்ப்பாணத்தார் இதனை உண்பதில்லை; சீனரோ விருந்துணவாகவும் மருந்தாகவும் போற்றுவர். குடல் நீக்கி, அவித்து, மணலிற் புதைத்து, மேற்றோலைச் சுரண்டி, மீண்டும் அவித்து வெயிலில் உலர்த்துவது பழைய முறை. இயற்கையாகக் கிடைக்கும் அட்டை அருகவே, குஞ்சு பொரிப்பித்து வளர்க்கும் முயற்சி எழுந்தது. சீன முதலீட்டில் அரியாலையில் வெள்ளை அட்டைக் குஞ்சு நிலையம் அமைந்தது. குஞ்சுகளை விட்டு வளர்க்க ஆழங்குறைந்த கடலில் வேலியடைத்த பரப்பு வேண்டும். அப்பரப்புகளோ களங்கட்டியும் சிறகுவலையும் இட்டு மீனவர் வழிவழியாகத் தொழில் செய்யும் இடங்கள்.

பண்ணைகளால் வருவாய் பெற்ற உள்ளூராரும் உளர். ஆதலின் எதிர்ப்பு முழுவதையும் அந்நிய வெறுப்பென ஒதுக்கல் தகாது. முதலீடு முழுவதையும் ஆக்கிரமிப்பென்றலும் மிகையே. பிணக்கு, பங்கு பற்றியது. துணி விற்கவந்த சீனன் எவருடைய நிலத்தையும் அடைக்கவில்லை. பண்ணையோ கடலை அடைக்கின்றது. 2021 இல், யாழ்ப்பாணக் கடலேரிக்கு அப்பால் கிளிநொச்சி மாவட்டக் கௌதாரிமுனையில் சீனத் தொடர்புடைய பண்ணையொன்று தோன்றியபோது, அப்பகுதி மீனவர் எழுப்பிய வினா, யாரைக் கேட்டு இக்கடல் கொடுக்கப்பட்டது என்பதே.