அதிரும் சிறுகருவியும் கடலோர உழைப்பும்: உடப்பை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கம்பியின்றி வரும் செய்தியொன்றைப் பெற்று, அதனை உடம்பில் அதிர்வாக உணர்த்தும் சிறு கருவியை ஆக்குதல் சாத்தியமா என்னும் வினா, மேற்போக்காக நோக்குமிடத்து, பொறியியலாளருக்கு மட்டுமே உரியதாகத் தோன்றும். ஆயின் எக்கருவியும் அதனை வேண்டி நிற்கும் உழைப்பிலிருந்தும் அதனை ஆக்குவிக்கும் உற்பத்தி உறவுகளிலிருந்தும் பிரித்து நோக்கத்தக்கதன்று. புத்தளம் மாவட்டக் கரையிலுள்ள உடப்பைக் களமாகக் கொண்டு இவ்வினாவின் வரலாற்றை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

சிலாபத்துக்கு வடக்கே அமைந்த உடப்பு, திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பினாலும் அம்பாப் பாடல்களினாலும் அறியப்பட்ட தமிழ்க் கடற்றொழிற் கிராமமாகும். இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் என்பது அம்மக்களிடையே நிலவும் மரபு. இங்கு நெடுங்காலம் ஓங்கியிருந்த கரைவலைத் தொழிலில் செய்தி எவ்வாறு பரிமாறப்பட்டது என்பது முதலில் மனங்கொளத்தக்கது. தோணி வலையை வளைத்து இறக்கியபின் இரு கயிறுகள் கரைக்கு வந்து சேரும். இரு அணியினர் அவற்றை இழுப்பர். மண்டாடியின் கையசைவைக் கண் வாங்கியது. அம்பாவின் தாளத்தைச் செவி வாங்கியது. வலையின் கனத்தையும் நீரோட்டத்தின் இழுப்பையும் கயிற்றின் வழியே கை வாங்கியது. ஆக, கண், செவி, தோல் ஆகிய மூன்றும் ஒரே கூட்டுழைப்பினுள் இணைந்திருந்தன.

உழைப்பின் தாளத்திலிருந்தே பாட்டு பிறந்தது என்பதைக் கார்ல் பூச்சர் 1896இல் வெளியிட்ட தம் நூலில் விரித்துரைத்தார். பேராசிரியர் க. கைலாசபதியின் ஆய்வாசானாகிய ஜோர்ஜ் தொம்சன் அக்கருத்தை மார்க்சிய நோக்கில் வளர்த்தெடுத்தார். அம்பாவை நாட்டார் இலக்கியமாக மட்டும் தொகுத்துவைப்போர், அது பலருடைய தசைகளை ஒரே கணத்தில் இயங்கச் செய்த சமிக்ஞை என்பதை மறந்துவிடுகின்றனர்.

1950களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைக் கடற்றொழிலில் இயந்திரமயமாக்கம் புகுந்தது. வெளியிணை இயந்திரம் பூட்டிய படகு, தொழிலாளியைக் கரைக்கு அப்பால் நெடுந்தொலைவு கொண்டுசென்றது. அவனைக் கரையோடு பிணைத்த கயிறு இப்பொழுது இல்லை. செவியை இயந்திரத்தின் இரைச்சல் அடைத்துவிட்டது. கண்ணும் கையும் வலையிலேயே கிடக்கின்றன. கைத்தொலைபேசியோ நனையாதிருக்கப் பொலித்தீன் உறையினுள் கட்டி வைக்கப்பட்டுள்ளது. புயல் எச்சரிக்கை அதில் வந்து ஒலித்தாலும் அதனைக் கேட்பார் யார்? செய்தி புகக்கூடிய வாயிலாக எஞ்சியிருப்பது தோல் ஒன்றே. எனவே அதிரும் சிறுகருவியின் தேவையை உற்பத்தி முறையின் மாற்றமே தோற்றுவித்தது.

இனி அறிவியல் வரலாற்றை நோக்குவாம். கம்பியில்லாச் செய்தியும் அதிர்வும் பிறப்பிலேயே இணைந்தவை. 1890இல் பிரான்சிய அறிஞர் பிரான்லி, உலோகத் துகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் மின்தடை மின்காந்த அலை பட்டதும் குறைவதைக் கண்டார். ஆயின் ஒருமுறை ஒட்டிக்கொண்ட துகள்கள் தாமாகப் பிரியா. குழாயைத் தட்டி அதிர்வித்தாலே அது அடுத்த அலையை உணரும். 1895 மே 7இல் ரஷ்ய அறிஞர் பொப்போவ் காட்டிய கருவியில், ஒரே சுத்தியல் மணியையும் அடித்தது. திரும்பும்போது குழாயையும் தட்டியது. மின்னலின் அலைகளை உணர்ந்து இடிபுயலை அறிவித்த கருவி அது. அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையால் மணியை ஒலிப்பித்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். அவர் ஆராய்ந்த அலைகள் சில மில்லிமீற்றர் நீளத்தன. ஆதலின் அவருடைய கருவிகளும் மேசைமேல் அடங்கும் சிறுமையுடையனவாயின.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பின்லாந்து வளைகுடாவில், தரைதட்டிய போர்க்கப்பலொன்றை மீட்பதற்காகப் பொப்போவின் நிலையங்கள் அமைக்கப்பட்டிருந்தன. பனிப்பாளத்தோடு கடலில் அடித்துச் செல்லப்பட்ட மீனவரைப் பற்றிய செய்தி அவற்றின் வழியே எட்ட, ‘எர்மாக்’ என்னும் பனியுடைக் கப்பல் சென்று அவர்களை மீட்டது. கம்பியில்லாத் தந்தி காப்பாற்றிய முதல் உயிர்களுள் மீனவரின் உயிர்களும் அடங்கும். எனினும் அத்துறையின் பின்னைய வளர்ச்சியை நிருணயித்தவை மார்க்கோனியின் 1896ஆம் ஆண்டு உரிமைக்காப்பும், அடுத்த ஆண்டில் அவருக்கெனத் தோன்றிய கம்பெனியும், கப்பற் போக்குவரத்தின் மூலதனமுமேயாகும்.

இன்று இக்கருவியைச் சிறிதாக ஆக்குதல் சாத்தியமா? அதிர்வை ஆக்கும் பகுதி மிக எளியது: அச்சில் ஒருபக்கம் கனத்த எடையைச் சுழற்றும் மோட்டார். நாணய வடிவான மோட்டார் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் விட்டமுடையது. 3 வோல்ற்றில் சுமார் 70 மில்லிஅம்பியர் கொள்ளும். செக்கனுக்கு ஏறத்தாழ 200 தடவை அதிரும். தோலின் ஆழத்திலுள்ள அதிர்வுணர் உறுப்புகள் 250 அளவிலேயே மிகக் கூர்மையாக உணர்கின்றன. ஆகவே இரண்டும் பொருந்துகின்றன. இரு செக்கன் அதிர்வுக்கு 0.04 மில்லிஅம்பியர்-மணி போதும். 220 மில்லிஅம்பியர்-மணி கொண்ட நாணய மின்கலம், கணக்கின்படி, பல்லாயிரம் அதிர்வுகளுக்குச் சமம். அத்தகைய மின்கலம் அத்துணை மின்னோட்டத்தை ஒரே வேளையில் தர இடர்ப்படும் என்பது மெய். சிறிய மீள்மின்னேற்றும் லிதியம் கலம் அக்குறையைத் தீர்க்கும்.

உண்மையான செலவு ஓயாது செவிமடுத்திருப்பதிலேயே உளது. பெறுவி 10 மில்லிஅம்பியர் கொண்டு இடையறாது விழித்திருப்பின் அம்மின்கலம் 22 மணித்தியாலத்தில் ஓயும். நேரத்தில் நூறிலொரு பங்கு மட்டும் விழித்தால் அது மூன்று மாதம் நிற்கும். 1980களின் தொடக்கத்தில் சர்வதேச அங்கீகாரம் பெற்ற பேஜர் முறை இத்தத்துவத்தையே கைக்கொண்டது: ஒவ்வொரு கருவியும் தனக்குரிய காலக்கூறில் மட்டும் விழித்துப் பின் உறங்கியது. அலையின் எல்லையோ கோபுரத்தின் உயரத்தைப் பொறுத்தது. 50 மீற்றர் உயரக் கோபுரத்திலிருந்து கடற்பரப்பின் மேல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வரை செய்தி எட்டும். படகினுள்ளே ஒரு பெறுவியை வைத்து, அங்கிருந்து தொழிலாளியின் இடுப்பிலுள்ள கருவிக்குப் புளூடூத்தின் மூலம் உணர்த்துதலும் ஆகும். அவ்வலை கடல்நீரினுள் சில சென்ரிமீற்றரே செல்லுமாதலால் கருவியை நீர்மட்டத்துக்கு மேல் அணிதல் வேண்டும். ஆகவே பொறியியல் நோக்கில் இக்கருவி சாத்தியமே. இதற்கெனப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை.

பின் ஏன் அது கடற்றொழிலாளியின் இடுப்பில் இல்லை? 2017 நவம்பர் இறுதியில் இலங்கையின் தென்கரை கடந்து குமரிக் கடலில் வலுத்த ஒக்கிப் புயல், முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த தமிழக, கேரள மீனவர் பலரைக் கொன்றது. எச்சரிக்கை கரையோடு நின்றுவிட்டது. அதன் பின்னரே, 2019 ஒக்ரோபரில், செய்மதிச் செய்தியைப் பெற்றுப் புளூடூத்தின் வழியே கைத்தொலைபேசிக்குத் தரும் ‘ஜெமினி’ கருவியை இந்தியா அறிமுகஞ் செய்தது. 2024இல் ஒரு இலட்சம் படகுகளுக்குத் தொடர்புக்கருவி பொருத்தும் திட்டமும் தொடங்கப்பட்டது. மரணம் முன்னே செல்ல, கருவி பின்னே வந்தது.

இலங்கையின் அனுபவம் மேலும் கூர்ந்து நோக்கத்தக்கது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீன் இறக்குமதியைத் தடைசெய்தது. 2016இல் அத்தடை நீங்கியது. இவ்வேளையிலேயே ஆழ்கடற் பலநாட் கலங்களில் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. கலம் எங்கே நிற்கிறது என்பதை ஏற்றுமதிச் சந்தை அறியவேண்டியிருந்தது. ஆகவே கருவி வந்தது. ஏற்றுமதியோடு நேரே பிணைந்திராத உடப்பின் சிறுபடகுகளுக்கு அத்தகைய நிர்ப்பந்தம் எழவில்லை. மீனைப் பற்றிய செய்தி கடலிலிருந்து கரைக்கு விரைகிறது. மனிதனைக் காக்கும் செய்தி கரையிலிருந்து கடலுக்குச் செல்லத் தயங்குகிறது. இவ்வேற்றுமையை அலைகளின் இயல்பைக் கொண்டு விளக்கவியலாது. சந்தையின் இயல்பே அதனை விளக்கும்.

பேஜரின் முடிவும் இதனையே உணர்த்தும். இந்தியாவில் 1995இல் வந்த அச்சேவை, இலாபம் குன்றியதும் பத்தாண்டு செல்லுமுன்னே மறைந்தது. மலிவான, நீண்டகாலம் விழித்திருக்கும் அம்முறை கடற்றொழிலாளிக்குப் பயன்படுமா என்று அதனை நடத்திய நிறுவனங்கள் வினவவில்லை. 2024 செப்ரெம்பர் 17இல் லெபனானில் ஆயிரக்கணக்கான பேஜர்கள் ஒரே வேளையில் வெடித்தமை மற்றொரு பாடம்: கருவியை யார் ஆக்குகின்றனர், யாருடைய கைகளினூடாக அது வருகின்றது என்பவற்றை அறியாதோன், அதனை உடம்போடு அணிவதால் தன் உயிரையே பிறர் வசம் ஒப்புவிக்கிறான்.

ஆதலின் கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பில் கோபுரமும், பல்கலைக்கழகப் பொறியியற் பீடங்களின் துணையோடு இங்கேயே பொருத்தப்படும் கருவியும், வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் உடனுக்குடன் அனுப்பும் ஏற்பாடும் ஒருங்கிணைதல் வேண்டும். எத்தனை அதிர்வு புயலைக் குறிக்கும், எத்தனை அதிர்வு கரைதிரும்புக என்று பணிக்கும் என்பதைத் தொழிலாளரே வகுத்தல் தகும்; அம்பாவின் தாளத்தை வகுத்தவர்களும் அவர்களே. நாட்டார் இலக்கிய ஆய்வாளர் உடப்புக்குச் செல்லும்போது, பாடலைக் குறித்துக்கொள்வதோடு, பாடியவன் நாளை எந்தச் செய்தியை நம்பிக் கடலிறங்குவான் என்பதையும் கேட்டறிதல் அவர்தம் கடமையாகும்.