பாதியில் நின்ற சாலை: டொராண்டோ ஸ்படைனா விரைவுச்சாலையும் குடியிருப்போர் எதிர்ப்பும் (1962–1971)

முன்னுரை

கனடாவின் டொராண்டோ நகரில் 401 நெடுஞ்சாலைப் பக்கத்திலிருந்து தெற்கே வரும் ஆலன் சாலை, எக்லிண்டன் அவென்யூவைத் தொட்டதும் முடிந்துவிடுகிறது. நகர மையத்துக்கு அங்கிருந்து இன்னும் பல கிலோமீட்டர் போக வேண்டும். பள்ளம் வெட்டிப் போட்ட அகலமான சாலையில் விரைந்து வரும் வாகனங்கள் கடைசியில் ஒரு சிக்னலில் வரிசை கட்டி நிற்கின்றன. வரைபடத்தில் ஸ்படைனா விரைவுச்சாலை என்ற பெயரில் நகரின் நடுப்பகுதிவரை நீண்டிருந்த திட்டத்தில் மிஞ்சியது இந்த வடபாதி மட்டுமே.

இந்தத் திட்டத்துக்கு இரண்டு முறை எதிர்ப்பு எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் எழுந்தது தோற்றது. 1969க்குப் பின் எழுந்தது வென்றது. சாலையும் அதன் வழித்தடமும் ஏறத்தாழ மாறாதிருக்க, முடிவு மட்டும் ஏன் மாறியது என்பதே இக்கட்டுரையின் வினா. மக்கள் திரண்டார்கள், அரசு பணிந்தது என்ற வழக்கமான விடை பாதி உண்மைதான். எதிர்ப்பாளர்களின் வாதம் மாறியது. அந்த வாதத்தைக் கேட்டாக வேண்டிய ஒரு மன்றமும் நிதி நெருக்கடியால் மீண்டும் திறந்தது. இவ்விரண்டும் ஒரே நேரத்தில் கூடியதே வெற்றிக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திட்டத்தின் பின்னணி

1954இல் டொராண்டோ நகரத்தையும் அதைச் சுற்றியிருந்த 12 உள்ளாட்சிகளையும் இணைத்து டொராண்டோ பெருநகர மன்றம் செயல்படத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஃபிரெடெரிக் கார்டினர் பெரும் கட்டுமானங்களில் நம்பிக்கை கொண்டவர். ஏரிக்கரை ஓரமாக அவர் பெயரையே தாங்கிய விரைவுச்சாலை எழுந்தது. கிழக்கே டான் பள்ளத்தாக்கு வழியாக இன்னொன்று அமைந்தது. ஸ்படைனா, குறுக்குநகர், ஸ்கார்பரோ ஆகிய விரைவுச்சாலைகளும் சேர்ந்தால் வலைப்பின்னல் முழுமை பெறும் என்பது பொறியாளர்களின் கணக்கு. புறநகரில் வீடு, நகர மையத்தில் வேலை, இடையில் கார் என்ற வாழ்முறையை நிலைத்த உண்மையாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வலையில் ஸ்படைனா மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. ஏரிக்கரைச் சாலை தொழிற்கூடங்களையும் ரயில் பாதைகளையும் ஒட்டிப் போனது. டான் சாலை ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கியது. ஸ்படைனாவோ சீடர்வேல் ஓடைப் பள்ளத்தைக் கடந்து, மக்கள் நெருங்கி வாழ்ந்த அனெக்ஸ் பகுதிக்குள் நுழைய வேண்டியிருந்தது. பழைய செங்கல் வீடுகளும், மரங்கள் அடர்ந்த தெருக்களும், பல்கலைக்கழகத்தின் அண்மையும் கொண்ட பகுதி அது.

வணிக நலனும் திட்டத்தோடு பிணைந்திருந்தது. 1964 பிப்ரவரியில் திறக்கப்பட்ட யார்க்டேல் வணிக வளாகம், ஈட்டன்ஸ், சிம்ப்சன்ஸ் என்ற இரு போட்டி நிறுவனங்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. 401 நெடுஞ்சாலையும் ஸ்படைனாவும் சந்திக்கும் இடத்தை நம்பியே அது எழுந்தது. சாலை வருவதற்கு முன்பே சாலையைச் சார்ந்த முதலீடு வந்துவிட்டதால், திட்டத்தைக் கைவிடுவது ஆண்டுக்கு ஆண்டு கடினமானது.

முதல் கட்டம்: தனித்தனி ஆட்சேபங்கள்

1962இல் பெருநகர மன்றம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வழித்தடத்தில் வாழ்ந்தவர்களின் சங்கங்கள் ஆட்சேபித்தன. வீடு போகும், ஓடைப் பள்ளம் அழியும், இரைச்சல் பெருகும், நிலத்தின் மதிப்பு குறையும் என்பவை அவர்களின் முறையீடுகள். ஒவ்வொன்றும் நியாயமானதுதான். ஆனால் எல்லாமே ‘எங்கள் தெரு’ என்ற எல்லைக்குள் நின்றன. ‘ஊருக்கு நன்மை, உங்களுக்குச் சிறிது இழப்பு’ என்ற ஒரே வாக்கியம் அத்தனைக்கும் பதிலானது. இழப்புக்கு ஈடு, வழித்தடத்தில் சிறு மாற்றம், சாலையோடு சுரங்க ரயிலும் சேர்ந்து வரும் என்ற வாக்குறுதி ஆகியவற்றைக் கொண்டு ஆட்சேபங்களை ஒவ்வொன்றாகக் கரைக்க முடிந்தது. பெரிய உள்ளாட்சித் திட்டங்களுக்கும் கடன்களுக்கும் அனுமதி தரும் ஒண்டாரியோ நகராட்சி வாரியம் 1963இல் இசைவளித்தது. 1966இல் வடக்குப் பகுதி லாரன்ஸ் அவென்யூ வரை போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.

நிதி நெருக்கடி திறந்த வாசல்

1969இல் செலவு மதிப்பீட்டை மீறியது. ஒதுக்கிய பணம் தீரும் நிலையில் வேலை நின்றது. மேலும் கடன் வாங்காமல் தெற்கே செல்ல முடியாது. கடன் வாங்க நகராட்சி வாரியத்தின் அனுமதி மீண்டும் வேண்டும். முடிந்துபோனதாகக் கருதப்பட்ட விசாரணை இவ்வாறு இரண்டாம் முறை திறந்தது. முதல் ஒதுக்கீடே போதுமானதாக இருந்திருந்தால், எதிர்ப்பாளர்களுக்குத் தெரு இருந்திருக்கும், மன்றம் இருந்திருக்காது. இயக்கத்தின் வரலாற்றை ஆளுமைகளை வைத்தே எழுதும்போது இந்தச் சந்தர்ப்பம் கண்ணில் படாமல் போகிறது.

இரண்டாம் கட்டம்: ‘எங்கள் தெரு’ முதல் ‘நம் நகரம்’ வரை

1969 அக்டோபரில் ‘ஸ்படைனாவை நிறுத்து, நம் நகரைக் காப்பாற்று’ என்ற பொருள்படும் நீண்ட பெயருடன் ஒருங்கிணைப்புக் குழு ஒன்று உருவானது. பெயரிலேயே மாற்றம் தெரிகிறது: காக்க வேண்டியது ஒரு தெரு என்பது போய் ஒரு நகரம் என்றாயிற்று. பல்கலைக்கழக ஆசிரியர்கள், மாணவர்கள், கட்டடக் கலைஞர்கள், குடியிருப்போர் சங்கத்தார் எனப் பலரும் ஒன்றுகூடினர்.

முந்தைய ஆண்டுதான் ஜேன் ஜேக்கப்ஸ் நியூயார்க்கிலிருந்து குடும்பத்தோடு டொராண்டோவுக்கு வந்திருந்தார். வியட்நாம் போருக்குத் தம் மகன்கள் அழைக்கப்படக்கூடாது என்பதே அந்தக் குடிபெயர்வின் காரணம். கீழ் மன்ஹாட்டன் விரைவுச்சாலைத் திட்டத்தை எதிர்த்து அங்கே முன்னணியில் நின்றவர், 1961இல் வெளியான அமெரிக்கப் பெருநகரங்கள் பற்றிய நூலால் நகரத் திட்டமிடலின் அடிப்படைகளையே கேள்விக்கு உட்படுத்தியவர், இப்போது குடியேறியதோ இன்னொரு விரைவுச்சாலையின் வழித்தடத்தில். 1969 நவம்பரில் குளோப் அண்ட் மெயில் நாளிதழில் எழுதிய கட்டுரையில் விரைவுச்சாலையைப் போதைப் பழக்கத்துக்கு ஒப்பிட்டார். ஊடகச் சிந்தனையாளர் மார்ஷல் மக்லூஹனோடு சேர்ந்து 1970இல் ஒரு குறும்படமும் உருவாக்கினார்.

புகழ் பெற்ற பெயர்கள் செய்தித்தாளில் இடம் பெற்றுத் தந்தன. விசாரணை மன்றத்தில் தேவைப்பட்டது கணக்கு. டேவிட் நவ்லன், நடீன் நவ்லன் இருவரும் 1970இல் வெளியிட்ட நூல், திட்டத்தின் செலவையும் பயனையும் பொருளாதார நோக்கில் சோதித்தது. பொறியாளர்கள் பேசிய மொழியிலேயே அவர்களுக்கு மறுப்பு கிடைத்தது. புதிய சாலை புதிய வாகனங்களை ஈர்க்கும். அவை நகர மையத்தில் நிறுத்த இடம் கேட்கும். அதற்காக மேலும் கட்டடங்கள் இடியும். நெரிசல் தீராது, இடம் மாறும் என்பதே எதிர்ப்பாளர்களின் வாதம். ‘ஊருக்கு நன்மை’ என்ற பழைய பதில் இங்கே செல்லுபடியாகவில்லை. ஊருக்கு நன்மைதானா என்பதே இப்போது கேள்வி.

உள்ளாட்சி அரசியலும் மாறியது. 1969 டிசம்பர் தேர்தலில் ஜான் சூயல், டேவிட் கிராம்பி போன்ற புதியவர்கள் நகர மன்றத்துக்குள் நுழைந்தார்கள். பழைய குடியிருப்புகளை இடித்துத் தள்ளும் வளர்ச்சிப் போக்கை உள்ளிருந்தே கேள்வி கேட்கும் குரல்கள் அவை.

வாரியமும் அமைச்சரவையும்

1971 தொடக்கத்தில் நகராட்சி வாரியம் விசாரணை நடத்தியது. எதிர்ப்பாளர்கள் தங்களுக்கென ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, நாடறிந்த வழக்கறிஞர் ஜே.ஜே. ராபினெட்டை அமர்த்தினார்கள். பிப்ரவரியில் வாரியம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சாலைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த ஒருவர் வாரியத் தலைவர் கென்னடி. தலைவரே மாறுபட்ட தீர்ப்பு எழுதியதால், தோல்வியிலும் எதிர்ப்பாளர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. அவர்கள் மாகாண அமைச்சரவையிடம் மேல்முறையீடு செய்தார்கள்.

அந்த மார்ச்சில்தான் வில்லியம் டேவிஸ் ஒண்டாரியோ முதல்வரானார். 1971 ஜூன் 3 அன்று சட்டமன்றத்தில் அவர் திட்டத்துக்கு மாகாண ஆதரவை விலக்கிக்கொண்டார். போக்குவரத்தைக் காருக்காக அமைப்பதானால் ஸ்படைனாவில் தொடங்கலாம். மனிதருக்காக அமைப்பதானால் ஸ்படைனாவில் நிறுத்தலாம் என்பது அந்த உரையின் சாரம். அக்டோபர் தேர்தலில் அவர் கட்சி பெரும்பான்மையோடு வென்றது. இது தேர்தல் கணக்கா, கொள்கை மாற்றமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டையும் பிரிக்கத் தேவையில்லை. கொள்கைக்கு வாக்கு உண்டு என்று ஓர் அரசியல்வாதியை நம்பவைத்ததே அந்த இயக்கத்தின் சாதனை.

சாலை நின்ற இடமும் நிற்காத இடமும்

தெற்குப் பகுதி கைவிடப்பட்டது. எக்லிண்டன் வரை ஏற்கெனவே வெட்டிய பள்ளத்தில் சாலை போடப்பட்டு 1976இல் திறக்கப்பட்டது. முன்னாள் பெருநகர மன்றத் தலைவர் வில்லியம் ஆலனின் பெயர் அதற்கு நிலைத்தது. 1978இல் ஸ்படைனா சுரங்க ரயில் பாதை தொடங்கியது. 1985இல் பதவியை விட்டு இறங்கும் வேளையில் டேவிஸ் அரசு, எக்லிண்டனுக்குத் தெற்கே மூன்றடி அகல நிலத்தை 99 ஆண்டுக் குத்தகையில் நகராட்சிக்குக் கொடுத்தது. நகராட்சி இசையாமல் சாலை தெற்கே நகரக்கூடாது என்பதற்கான பூட்டு அது. வாமனன் மூன்றடி கேட்டு உலகை அளந்தான். இங்கே மூன்றடி மண் ஒரு பெருஞ்சாலையின் காலைக் கட்டிப்போட்டது.

இந்த வெற்றிக் கதையில் அடிக்கடி விடுபடும் பகுதி வடக்கே இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட லாரன்ஸ் ஹைட்ஸ் பொதுக் குடியிருப்பை ஆலன் சாலை இரண்டாகப் பிளந்தது. அங்கே பேராசிரியர்களின் குழு இல்லை, புகழ்பெற்ற வழக்கறிஞர் இல்லை, படம் எடுக்க மக்லூஹன் இல்லை. நேரமும் படிப்பும் தொடர்புகளும் கொண்டவர்கள் வாழ்ந்த பகுதிக்கு முன்னால் சாலை நின்றது. அவை இல்லாதவர்களின் குடியிருப்பை அதற்கு முன்பே கடந்துவிட்டிருந்தது. அனெக்ஸ் மக்களின் வாதம் நகரம் முழுவதற்கும் உரியதாக இருந்தது. அதன் பலன் நகரம் முழுவதற்கும் கிடைக்கவில்லை.

முடிவுரை

ஸ்படைனா எதிர்ப்பின் இரு கட்டங்களையும் ஒப்பிடும்போது மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, இழப்பைச் சொல்லி முறையிட்ட எதிர்ப்பு ஈட்டுத்தொகையில் முடிந்தது. திட்டத்தின் பயனையே மறுத்த எதிர்ப்பு திட்டத்தை நிறுத்தியது. இரண்டு, அந்த மறுப்பைப் பதிவு செய்து விசாரிக்க ஒரு மன்றமும், அதற்கு மேல் முறையிட இன்னொரு படியும் இல்லாமல் இந்த வெற்றி வந்திராது. மூன்று, அத்தகைய மன்றத்தில் நின்று பேசும் வசதி எல்லாக் குடியிருப்புகளுக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

முதல் இரண்டும் இந்த இயக்கத்தைப் பாராட்டும்போது தவறாமல் பேசப்படுகின்றன. மூன்றாவதன் சான்று, லாரன்ஸ் ஹைட்ஸின் இரு பாதிகளுக்கும் நடுவே இன்றும் பள்ளமாகக் கிடக்கிறது.