தோட்டப் பள்ளியிலிருந்து மாவட்ட அலுவலகம் வரை: மலாக்காத் தமிழாசிரியர்களின் தலைமைத்துவப் பயிற்சி – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலாக்கா நகரிலிருந்து தஞ்சோங் கிளிங் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள ஊர் கிளேபாங். தோட்டங்களை விட்டு நகர்ப்புறம் நாடிய தமிழ்க் குடும்பங்கள் பல இத்தகைய ஊர்களின் வீடமைப்புப் பகுதிகளில் வாழ்கின்றன. அவர்களுள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் உளர். பகலில் வகுப்பறையில் கற்பித்துவிட்டு, இரவில் கணினியின் முன் அமர்ந்து கல்வி நிர்வாகத் துறையில் முதுகலைப் பட்டத்திற்குப் பயிலும் ஆசிரியரை இன்று அங்குக் காண்பது அரிதன்று. அவருடைய தந்தையோ பாட்டனாரோ பால்மரக் காட்டில் உழைத்தவராக இருப்பார். இத்தகைய ஆசிரியர் பள்ளியின் தலைமையையும், அதற்கு அப்பால் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொறுப்புகளையும் அடைவதற்கான பயிற்சி வழிகள் எவ்வாறு உருவாயின என்பதை மலாக்காவை மையமாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

தோட்டமும் பள்ளியும்

மலாயாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. எனினும், தமிழ்ப்பள்ளிகள் பெருகியது ரப்பர்த் தோட்டங்களோடுதான். இவ்வகையில் மலாக்காவுக்குத் தனியிடம் உண்டு. 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருமளவில் பயிரிட்டார். தோட்டங்கள் பரவ, தமிழகத்திலிருந்து தொழிலாளர் வருகையும் பெருகியது.

கூட்டு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்குமாறு நிர்வாகத்தைப் பணிக்க இடமளித்தது. நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாகிய மலாக்காவிலும் 1920களில் இதனையொத்த விதிகள் நடைமுறைக்கு வந்தன. சட்டம் பள்ளியைக் கேட்டதேயன்றிப் பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியரானார். ஓராசிரியர் பள்ளியில் ஆசிரியரே தலைமையாசிரியர். அவருக்கு மேலிருந்தவர் கல்வியாளர் அல்லர், தோட்டத்துரை. தலைமைத்துவம் என்பது தோட்ட நிர்வாகத்தின் நல்லெண்ணத்தைப் பெற்றுப் பள்ளியை மூடாமல் காப்பதாகவே இருந்தது.

துரியான் டவுன் உணர்த்தும் வேறுபாடு

கிளேபாங்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள துரியான் டவுனில் 1900ஆம் ஆண்டிலேயே மலாய் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. அது 1922இல் தஞ்சோங் மாலிமில் நிறுவப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியோடு இணைந்தது. 1935இல் மலாய்ப் பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியும் மலாக்காவிலேயே உருவாயிற்று. மலாய்க் கல்வியின் பிற்கால நிர்வாகிகளும் எழுத்தாளர்களும் அரசியல் தலைவர்களும் இத்தகைய கல்லூரிகளிலிருந்தே தோன்றினர்.

அதே காலத்தில், அதே ஊரில், தமிழாசிரியர்க்கென அத்தகைய கல்லூரி எதுவும் இல்லை. சென்னை மாகாணத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த பயிற்சி பெற்ற ஆசிரியர் சிலரைத் தவிர, ஏனையோர் பணியில் இருந்துகொண்டே வார இறுதி வகுப்புகளில் பயின்று தேறினர். ஐந்து நாள் கற்பித்தல், ஆறாம் நாள் கற்றல் என்பதே அவர்களின் வாழ்க்கை. இன்று இயங்கலைக் கல்வியின் சிறப்பாகப் பேசப்படும் 'பணியோடு பயிலல்' தமிழாசிரியர்க்குப் புதியதன்று. வேறு வழியின்மையால் அவர்கள் முன்பே மேற்கொண்டது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

பட்டம் என்னும் படி

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொணர்ந்தன. பகல் பயிற்சி நிலையங்களிலும் பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் தமிழாசிரியர்கள் முறையான பயிற்சி பெற்றனர். 1957இல் நாட்டில் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும் சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டதாலும் குறைந்து, இன்று ஏறத்தாழ 530ஆக உள்ளன. அவற்றுள் 21 மலாக்காவில் உள்ளன.

ஆசிரியர்க்குப் பயிற்சி கிடைத்தது. நிர்வாகத்திற்குச் செல்லும் வழி மட்டும் குறுகியே இருந்தது. கல்விச் சேவை, பட்டதாரிகளுக்கு ஒன்றும் பட்டம் பெறாதோருக்கு ஒன்றுமாகப் பிரிந்திருந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் பெரும்பாலோர் சான்றிதழோ பட்டயமோ பெற்றவர்கள். பணிமூப்பின் பயனாக அவர்கள் தலைமையாசிரியர் ஆகலாம். மாவட்ட, மாநில அலுவலகங்களின் உயர் பணிகளோ பட்டதாரிச் சேவையினருக்கே பெரிதும் உரியவையாக இருந்தன. தமிழ்ப்பள்ளி மாணவர் இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பைக் கடந்தே முதலாம் படிவம் செல்ல வேண்டியிருந்த நிலையில், பல்கலைக்கழகம்வரை சென்றோர் சிலரே. மாநிலத்திற்கு ஒரு தமிழ்ப்பள்ளி அமைப்பாளர் என்ற அளவில் நிர்வாகத்தில் தமிழ்ப்பள்ளியின் குரல் ஒலித்தது. ஓர் அமைப்பாளரின் ஆற்றல் எத்துணைப் பெரிதாயினும், அது ஒரு நாற்காலியின் ஆற்றலே.

தொலைக்கல்வியும் இயங்கலைக் கல்வியும்

இந்நிலையை மாற்றியதில் தொலைக்கல்விக்குப் பெரும்பங்கு உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இல் வளாகம் சாராக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 2000இல் நிறுவப்பட்ட மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 2001இல் தன் முதல் மாணவர் 753 பேரைச் சேர்த்துக்கொண்டது. மாநிலந்தோறும் கற்றல் மையங்களை அமைத்து, அச்சிட்ட பாடநூல், வார இறுதிச் சந்திப்பு, இயங்கலைக் கருத்தாடல் ஆகிய மூன்றையும் இணைத்து அது கற்பித்தது. பட்டயம் பெற்ற ஆசிரியர் பல்லாயிரவர் பணியை விடாமல் பட்டதாரிகளானது இத்தகைய திட்டங்களால்தான். இளங்கலைப் பட்டம் கைகூடிய பின்னரே முதுகலை என்ற அடுத்த படி தமிழாசிரியர்க்கு எட்டும் தொலைவில் வந்தது.

தலைமைத்துவப் பயிற்சியும் இக்காலத்திலேயே நிலைபெற்றது. 1979இல் தோன்றிய கல்வி நிர்வாகப் பயிற்சிக் கழகம், பின்னர்க் கல்வியாளர் அமினுடின் பாக்கியின் பெயரைத் தாங்கியது. பள்ளித் தலைவர்களுக்கான தேசியத் தகுதிச் சான்றிதழ்ப் பயிற்சி 1999இல் அங்குத் தொடங்கப்பட்டது. 2014 முதல் புதிதாகப் பள்ளித்தலைமை ஏற்போர்க்கு அது இன்றியமையாத தகுதியாயிற்று. 2013–2025 மலேசியக் கல்விப் பெருந்திட்டம், பணிமூப்பைவிடத் தலைமைத்துவத் திறனே தேர்வின் அளவுகோல் என வலியுறுத்தியது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பள்ளிகளை மூடியபோது, இயங்கலை எல்லார்க்கும் வகுப்பறையாயிற்று. அதுவரை ஐயத்தோடு நோக்கப்பட்ட இயங்கலை முதுகலைக் கல்வி அதன்பின் இயல்பானதாகவே கருதப்படலாயிற்று.

மாவட்ட அலுவலகம் ஏன் முக்கியம்?

தலைமையாசிரியர் பதவியோடு நின்றுவிட்டால் என்ன குறை என்ற வினா எழலாம். விடை கல்விப் பெருந்திட்டத்தின் மாவட்ட உருமாற்றத் திட்டத்தில் உள்ளது. 2013இல் கெடாவிலும் சபாவிலும் சோதிக்கப்பட்டு, 2014இல் நாடு முழுமைக்கும் விரிந்த அத்திட்டம், பள்ளிகளின் அடைவுநிலையைக் கண்காணித்துத் துணைபுரியும் பொறுப்பை மாவட்டக் கல்வி அலுவலகத்திடம் ஒப்படைத்தது. தலைமையாசிரியர்களை வழிநடத்தும் முழுநேர அதிகாரிகளும் மாவட்டங்களில் அமர்த்தப்பட்டனர். மத்திய மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் தமிழ்ப்பள்ளியின் குறைநிறைகளை முதலில் எடைபோடும் இடம் மாவட்ட அலுவலகமே.

அங்கு எடைபோடுபவை எண்கள். 150 மாணவர்க்குக் குறைந்த பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனப்படுகிறது. தமிழ்ப்பள்ளிகளுள் கணிசமானவை இவ்வகையின. ஐந்து மாணவர் உள்ள வகுப்பில் ஒருவர் பின்தங்கினால் தேர்ச்சி விழுக்காடு நூறிலிருந்து எண்பதாகச் சரியும். அடுத்த ஆண்டு அதே பள்ளி மீண்டும் நூறைத் தொடும். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒருவரால் நேரும் சரிவு இரண்டரை விழுக்காடே. முன்னதைப் பள்ளியின் வீழ்ச்சி எனப் படிப்பதா, ஒரு பிள்ளையின் இடர் எனப் படிப்பதா என்பது படிப்பவரின் பட்டறிவைப் பொறுத்தது. கூட்டு வகுப்பில் கற்பித்தவரும், பள்ளி நிலம் தோட்டத்திற்குச் சொந்தமாக இருப்பதன் சிக்கலை அறிந்தவரும், நிர்வாகப் பணியோடு பாடமும் எடுத்த தலைமையாசிரியரும் அந்த எண்ணை வேறாகப் படிப்பர். பள்ளி இணைப்பு, இடமாற்றம், ஆசிரியர் நியமனம் பற்றிய பரிந்துரைகள் எழுதப்படும் மேசையில் அவர்களுள் ஒருவர் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றல்ல.

ஒரு மறுப்பும் விடையும்

இயங்கலைப் பட்டம் பதவி உயர்வுக்கான தாளாகவே முடியும் என்போர் உளர். அக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. இக்கட்டுரையாளர் வெளிநாட்டில் முழுநேரமாக முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டவர். நூலகத்திலும் உணவுக்கூடத்திலும் உடன் பயின்றோரோடு நிகழ்த்திய உரையாடல், வகுப்பில் பெற்றதற்குக் குறையாத பயன் தந்தது. அந்த வாய்ப்பு இரவில் தனித்திருந்து பயிலும் ஆசிரியர்க்கு இல்லை. ஆனால், முழுநேரக் கல்வி ஊதியத்தையும் குடும்பத்தையும் சிலகாலம் துறக்க இயன்றோர்க்கே உரியது. அவ்வாறு இயலாதோரை விலக்கிவிட்டுத் தரம் பேசுவது, துரியான் டவுனின் பழைய கதையை வேறு வடிவில் தொடர்வதாகவே அமையும்.

ஆகவே, தேவைப்படுவது இயங்கலையைத் தவிர்ப்பதன்று. அதனை நம் பள்ளிகளோடு இணைப்பதே. முதுகலை பயிலும் தமிழாசிரியர் தம் ஆய்வேட்டிற்குப் பொதுவான தலைப்பொன்றைத் தேர்வதைவிட, தம் மாவட்டத்துச் சிறிய தமிழ்ப்பள்ளிகளின் நிர்வாகத்தையே ஆய்வுப்பொருளாகக் கொள்ளலாம். பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைகள் அவ்வாய்வுகளுக்கு நெறியாள்கையும் கருத்தரங்க மேடையும் வழங்கலாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களும் அமைப்பாளர்களும் வழிகாட்டிகளாக அமையலாம். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா, ஒருங்கிணைப்பே வேண்டும்.

முடிவுரை

மலாக்காத் தமிழாசிரியர் வரலாற்றில் ஒவ்வொரு காலத்திலும் ஒரு தடை இருந்தது. முதலில் பயிற்சி இல்லை. பயிற்சி வந்தபோது பட்டம் இல்லை. பட்டம் வந்தபோது தலைமைத்துவக் கல்விக்கு நேரமும் தொலைவும் தடையாயின. இயங்கலைக் கல்வி இம்மூன்றாம் தடையைப் பெருமளவு நீக்கியுள்ளது. தோட்டத்துரையின் நல்லெண்ணத்தை நம்பி இயங்கிய பள்ளி, தன் ஆசிரியரையே மாவட்ட அலுவலகத்திற்கு அனுப்பக்கூடிய நிலையை எட்டியுள்ளது. கிளேபாங்கில் இரவில் எரியும் அந்த விளக்கு ஒருவரின் பதவி உயர்வுக்கு மட்டும் எரிகிறதா, மலாக்காவின் 21 பள்ளிகளுக்கும் சேர்த்து எரிகிறதா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு பயிலும் ஆசிரியர்க்கும் பயிற்றுவிக்கும் நமக்கும் உரியது.